ஏழு ஊர் நான்கானது எப்படி: இரண்டு பிள்ளைகளோடு ஒரு மே மாத ஐரோப்பியப் பயணத் திட்டம்

சென்னையிலிருந்து கிளம்பும் நான்கு பேர்: அப்பா, அம்மா, எட்டு வயது மகன், பன்னிரண்டைத் தொடப்போகும் மகள். 2026 மே 9 சனிக்கிழமை பாரிஸில் இறங்கி, மே 23 சனிக்கிழமை ரோமிலிருந்து திரும்புவதாகத் திட்டம். பதினான்கு இரவுகள். மகளுக்கு மே 18 அன்று பன்னிரண்டு வயது நிறைகிறது. அந்த ஒரு தேதி எங்கெல்லாம் குறுக்கே வந்து நிற்கிறது என்பதைப் போகப் போகப் பார்க்கலாம். இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை இல்லை. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு ஐரோப்பா போக நினைப்பவர்கள் வழக்கமாகப் போடும் திட்டத்தின் மாதிரி. தேதிகளும் விதிகளும் மட்டும் நிஜம்.

முதலில் மாதத்தைப் பற்றி. நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் விழுவது உண்மையில் அதிர்ஷ்டம். ஐரோப்பியப் பள்ளிகளின் நீண்ட கோடை விடுமுறை பெரும்பாலும் ஜூன் பாதிக்கு மேல்தான் தொடங்கும். ஜூலை வெயிலில் குளிர்சாதனம் இல்லாத பாரிஸ் அறையில் பிள்ளைகளைத் தூங்க வைக்கும் பாடு மே மாதத்தில் இல்லை. ஆல்ப்ஸில் பனி உருகும் காலம் என்பதால் அருவிகள் நிறைந்து கொட்டும். குறை என்று சொன்னால், உயரமான மலைச்சாலைகள் சில ஜூன் வரை திறக்காது. சில கேபிள் கார்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும். இன்னொரு குறை அரசு விடுமுறைகள். அது பின்னால் வருகிறது.

முதல் வரைவு

லண்டன் 2, பாரிஸ் 3, ஆம்ஸ்டர்டாம் 2, லூசர்ன் 2, வெனிஸ் 1, ஃப்ளாரன்ஸ் 2, ரோம் 2. மொத்தம் 14 இரவுகள், 7 ஊர்கள். தாளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தாளில் எண்ண வேண்டியது ஊர்களை அல்ல, பெட்டி கட்டும் நாட்களை. ஆறு முறை அறையைக் காலி செய்து, ஆறு முறை அடுத்த அறைக்குப் போக வேண்டும்.

ஒரு மாற்றத்துக்கு ஆகும் நேரத்தை ரயில் நேரத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாரிஸிலிருந்து பாசல் வழியாகச் சுவிட்சர்லாந்தின் லூசர்ன் போக ரயிலில் நாலரை மணி நேரம். அதற்கு முன் காலையில் பெட்டி கட்ட ஒன்றரை மணி நேரம் (பிள்ளைகளின் சார்ஜர் கட்டிலுக்கு அடியில் கிடக்கும்), மெட்ரோவில் முக்கால் மணி நேரம், நிலையத்தில் அரை மணி நேரம். அங்கே போய் இறங்கினால் பெரும்பாலான விடுதிகள் மாலை 3 மணிக்கு முன் அறை தராது. வாசலுக்கு வாசல் எட்டு மணி நேரம் ஆகிவிடும். குறைந்த தூரத்துக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மாற்றங்களுக்கு நாற்பது மணி நேரம் போகும். பிள்ளைகள் விழித்திருந்து ஊர் பார்க்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்குப் பத்து மணி என்றால், பதினான்கில் நான்கு நாட்கள் பெட்டியோடு போய்விட்டன.

லண்டன் முதலில் வெட்டப்பட்டது. ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பு ஷெங்கன் பகுதி; பிரிட்டன் அதில் இல்லை. தனி விசா, தனி விண்ணப்பம். பிரிட்டன் விசாவில் பிள்ளைகளுக்குச் சலுகைக் கட்டணமும் கிடையாது. பாஸ்போர்ட் ஒரு தூதரகத்தில் இருக்கும்போது இன்னொன்றுக்கு விண்ணப்பிப்பது சிக்கல் என்பதால், மொத்தக் காத்திருப்பும் இரட்டிப்பாகும். வடக்கே ஒதுங்கி நிற்கும் ஆம்ஸ்டர்டாம் அடுத்தது. ஃப்ளாரன்ஸை வெட்டுவதில்தான் வீட்டில் சண்டை வரும். அந்த ஊரின் பெருமை பெரும்பாலும் ஓவியத்திலும் சிற்பத்திலும் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதில் ஒரு காலைப்பொழுதுக்கு மேல் பொறுமை இருக்காது. வேண்டுமென்றால் ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்தில் போய்விட்டுப் பெட்டியில்லாமல் மாலையே திரும்பலாம்.

மிஞ்சியது: பாரிஸ் 4, லூசர்ன் 4, வெனிஸ் 2, ரோம் 4. மூன்றே மாற்றங்கள். விமானத்தில் போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறு வேறு என்பதால், ‘மல்டி-சிட்டி’ என்ற பிரிவில் தேட வேண்டும். பாரிஸ் போய் பாரிஸிலிருந்தே திரும்பும் டிக்கெட் சில ஆயிரம் குறைவாகத் தெரியும். ஆனால் ரோமிலிருந்து பாரிஸுக்கு நால்வரும் திரும்பும் செலவையும் ஒரு நாளையும் சேர்த்தால் அந்த லாபம் காணாமல் போகும்.

விசா: இரவுகளை எண்ணித்தான் நாடு

பாரிஸில் இறங்குவதால் பிரான்ஸுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். விதி அப்படி இல்லை. எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டுக்கு விண்ணப்பம்; நாட்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. இங்கே வெனிஸும் ரோமும் சேர்ந்து இத்தாலிக்கு 6 இரவுகள். ஆகவே இத்தாலி. இதனால்தான் ஊர் வரிசையை முதலில் உறுதி செய்துவிட்டு விசாவுக்குப் போக வேண்டும். விண்ணப்பித்த பிறகு ‘பாரிஸில் இன்னும் மூன்று நாள்’ என்று மாற்றினால் கணக்கு பிரான்ஸ் பக்கம் சாய்ந்துவிடும். எல்லையில் கேள்வி கேட்டால் பதில் இருக்காது.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். முடிவுக்கு வழக்கமாக 15 நாட்கள், சிக்கலான விண்ணப்பங்களில் 45 நாட்கள் வரை. ஆனால் உண்மையான இடுக்கு அப்பாயின்ட்மென்ட். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஊரே மே மாதத்துக்கு விண்ணப்பிக்கிறது. ஆகவே ஜனவரியிலேயே முடித்துவிடுவது நல்லது. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ; 6 வயது முதல் 12 நிறையாதவர் வரை 45 யூரோ. விண்ணப்பிக்கும்போது மகளுக்கு 11 என்பதால் அவளுக்கும் பாதிதான்: நால்வருக்கு 270 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழே விசாவுக்கு விரல்ரேகையும் தேவையில்லை.

பிள்ளைகளின் பாஸ்போர்ட்டைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குப் பத்தாண்டு, பிள்ளைகளுக்கு ஐந்தாண்டு. அதனால் வீட்டில் முதலில் காலாவதியாவது அவர்களுடையது. மகனுடையது 2026 ஜூலையில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். பயணம் மே மாதமே முடிந்துவிடுகிறதே என்று தோன்றும். ஷெங்கனிலிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், அதாவது ஆகஸ்ட் 23 வரை. ஜூலை போதாது. எனவே விசாவுக்கு முன்னால் புதுப்பித்தல். பெற்றோர் இருவரின் சம்மதமும் அதற்கு வேண்டும். விசா விண்ணப்பத்திலும் பிள்ளைகளுக்காக இருவரும் கையெழுத்திட வேண்டும்; பிறப்புச் சான்றிதழும் பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும்.

அடுத்து நம் ஊருக்கே உரிய ஒரு தலைவலி: இனிஷியல். நம்மில் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி. விமான நிறுவனமோ, அருங்காட்சியகத் தளமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகர விடாது. அப்பா ஒருவிதம், பிள்ளைகள் ஒருவிதம் என்று நிரப்பினால் ஒரே குடும்பம் நான்கு குடும்பமாகத் தெரியும். விமான நிறுவனம் சொல்லும் முறையைக் கேட்டு (பெயரையே இரு கட்டத்திலும் எழுதச் சொல்லலாம், குடும்பப்பெயர் இல்லை என்பதற்கான குறியீட்டெழுத்துகளைப் போடச் சொல்லலாம்) அதையே ரயில், கொலோசியம், வாட்டிகன் எல்லாவற்றிலும் பின்பற்ற வேண்டும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் அச்சாகும்; வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள்.

மகளின் பிறந்தநாள் முதலில் இடிப்பது விமானத்தில். சிறுவர் கட்டணம் 2 முதல் 11 வயது வரை. போகும்போது 11, திரும்பும்போது 12. கிளம்பும் நாளின் வயதைப் பார்க்கும் நிறுவனமும் உண்டு, ஒவ்வொரு பறப்பின் தேதியையும் பார்ப்பதும் உண்டு. கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொண்டு பணம் கட்டுவது நல்லது.

நாட்காட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு

டிக்கெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து வாங்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் கதவு திறக்கும் நாள் வேறு. ஈஃபிள் கோபுரத்தின் லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்பு: மே 10-க்கு மார்ச் 11. வாட்டிகன் அருங்காட்சியகமும் 60 நாள்: மே 21-க்கு மார்ச் 22. கொலோசியம் 30 நாள்: மே 20-க்கு ஏப்ரல் 20. மார்ச் கடைசி ஞாயிறு வரை பாரிஸ், ரோம் நேரத்தைவிட இந்தியா நாலரை மணி நேரம் முன்னால், அதன் பிறகு மூன்றரை. அலைபேசியில் அலாரம் வைப்பவர்கள் இதில் ஏமாறுகிறார்கள்.

பதினெட்டு வயதுக்குக் கீழே பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம், ரோமின் கொலோசியம் இரண்டிலும் அனுமதி இலவசம். இலவசம்தானே என்று பிள்ளைகளுக்கு முன்பதிவு செய்யாமல் போவதுதான் அங்கே அதிகம் நடக்கும் விபத்து. கட்டணம் இல்லாவிட்டாலும் நேரம் குறித்த டிக்கெட் அவர்களுக்கும் வேண்டும். லூவ்ரில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் பெரியவருக்கு 32 யூரோ.

எந்த நாளில் எதை வைப்பது என்பது மூடும் நாட்களைப் பொறுத்தது. லூவ்ர் செவ்வாய் விடுமுறை. ஓர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் விடுமுறை. அதனால் செவ்வாய்க்கிழமை வெர்சாய் பிதுங்கி வழியும். இந்தத் திட்டத்தில் மே 11 திங்கள் லூவ்ர், மே 12 செவ்வாய் லா விலெட் அறிவியல் மையம். அது திங்கள்தான் மூடும். பிள்ளைகள் கையை வைத்து இயக்கிப் பார்க்கலாம். மோனாலிசாவைவிட அங்கேதான் அதிக நேரம் நிற்பார்கள், அதில் தவறும் இல்லை.

பாரிஸில் இறங்கும் மே 9 மாலைக்கு எந்த முன்பதிவும் கூடாது. ‘முதல் நாளே ஈஃபிள், மாலை ஏழு மணி’ என்பது பார்க்க அழகான திட்டம். பாரிஸில் ஏழு என்றால் பிள்ளையின் உடம்புக்கு இரவு பத்தரை. வரிசையில் அப்பா தோளில் தூங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். மறுநாள் தலைகீழ்: அதிகாலை நாலு மணிக்கே எழுந்து பசிக்கிறது என்பார்கள். அந்த விழிப்பைப் பயன்படுத்தி ஞாயிறு காலை முதல் நேரத்தில் கோபுரம் ஏறிவிடலாம். மே மாதம் பாரிஸில் இரவு ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். ‘இன்னும் பகல்தானே’ என்று பிள்ளைகள் வாதாடுவார்கள். திரைச்சீலை கனமாக உள்ள அறையா என்று விடுதியில் கேட்டுக்கொள்வது வீணல்ல.

மெட்ரோவில் ஒரு விதியை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். கதவு மூடிப் பிள்ளை மட்டும் உள்ளே போய்விட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்பது. பெரியவர் மட்டும் உள்ளே போனால், பிள்ளை இருந்த இடத்திலேயே நிற்பது. பெற்றோரின் எண் எழுதிய சீட்டு சட்டைப்பையில்.

மே 13 புதன்: இந்தத் திட்டத்தின் பலவீனமான நாள்

2026-இல் மே 14 வியாழன், கிறிஸ்து விண்ணேற்றப் பெருநாள். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து இரண்டிலும் விடுமுறை. வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் விடுப்பாக்கிக்கொண்டு ஊர் மொத்தமும் புதன்கிழமை கிளம்பும். நம் ஊரில் பொங்கலுக்கு முந்தைய நாள் கோயம்பேடு எப்படி இருந்ததோ, அதன் ஐரோப்பிய வடிவம். அன்றுதான் இந்தக் குடும்பம் பாரிஸ் கார் த லியோன் நிலையத்திலிருந்து பாசலுக்கு டிஜிவி லிரியா என்ற அதிவேக ரயில் ஏறுகிறது. விற்பனை திறந்த வாரமே நால்வருக்கும் அடுத்தடுத்த இருக்கையாக வாங்காவிட்டால், டிக்கெட் கிடைத்தாலும் பிள்ளை ஒரு பெட்டி, அம்மா ஒரு பெட்டி.

அதைவிட முக்கியமானது பால். வியாழன் கடைகள் மூடியிருக்கும். புதன் மாலை லூசர்னில் இறங்கியதும் பெட்டியை வைத்துவிட்டுச் செய்ய வேண்டிய முதல் வேலை மளிகை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் இதே கதை. பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

சுவிட்சர்லாந்தில் பெற்றோருக்கு, ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே சீட்டான 4 நாள் சுவிஸ் டிராவல் பாஸ். 6 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு அதனோடு ஃபேமிலி கார்டு (பெற்றோரோடு கட்டணமில்லாமல் பயணிக்கும் அட்டை) இலவசம். கேட்டால்தான் கிடைக்கும் என்பதால் பாஸ் வாங்கும்போதே பிள்ளைகளின் பெயரைச் சேர்க்க வேண்டும். பாஸின் முதல் நாள் மே 13: பாசலில் இறங்கியதிலிருந்து லூசர்ன் வரையிலான ரயில் அதிலேயே அடங்கிவிடும். லூசர்ன் – விட்ஸ்நாவ் படகும், அங்கிருந்து ரிகி மலைக்குப் போகும் பற்சக்கர ரயிலும் (1871-இல் ஓடத் தொடங்கியது) பாஸில் முழுதாக உண்டு. 3,020 மீட்டரில் நிற்கும் டிட்லிஸ் மலை நிலையத்துக்குப் பாதிக் கட்டணம். டிட்லிஸ் டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே வாங்காதீர்கள். காலை ஆறரைக்கு மலையுச்சி கேமராவைப் பார்த்து, மூடுபனி இல்லையென்றால் அன்று போவது, இருந்தால் ரிகியையோ போக்குவரத்து அருங்காட்சியகத்தையோ அன்றைக்கு மாற்றிக்கொள்வது. நான்கு இரவு ஒரே இடத்தில் தங்குவதன் லாபமே இந்த மாற்றும் வசதிதான். பாரிஸில் பருத்திச் சட்டை போதும். டிட்லிஸில் தடித்த ஜாக்கெட், கையுறை, நனையாத காலணி. மேலே போனதும் பிள்ளைகளை ஓடவிடாமல் தண்ணீர் குடிக்க வைத்து உட்கார வையுங்கள். தலைவலி என்றால் கீழே இறங்குவதே வைத்தியம்.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ‘ஐரோப்பா முழுதும்’ என்று விற்கும் சில சிம் கார்டுகள் பாசல் எல்லையில் செத்துப்போவது இதனால்தான். பட்டியலில் அந்த நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணமும் யூரோ அல்ல, ஃபிராங்க். நம் இரண்டு கம்பி சார்ஜர்கள் பெரும்பாலும் அங்கெல்லாம் பொருந்தும். மடிக்கணினியின் மூன்று கம்பி பொருந்தாது.

சாப்பாட்டுப் பெட்டியில் என்ன

இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பாட்டி கட்டித்தரும் பால்கோவா, நெய், மைசூர்பாகு எல்லாம் இதில் மாட்டும். கறிவேப்பிலைக் கட்டும் கூடாது. செடிகொடி, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்று வேண்டும் (வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை போன்ற சில தவிர). பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எள்ளுப்பொடி, வறுத்த அவல் போகும். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கைப்பையில் வைத்தால் திரவம் என்று பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். சமையலறை உள்ள அடுக்ககம் லூசர்னிலும் ரோமிலுமாவது இருந்தால், அரிசியும் தயிரும் அங்கேயே கிடைக்கும். ஒரு நாளில் ஒரு வேளை வெளியே சாப்பிட்டால் போதும். அறையில் கெட்டில் இருக்கும் என்று நம்பாதீர்கள். சிறியதாக ஒன்று பெட்டியில் போகட்டும்.

விடுதி தேடும்போது ‘2 பெரியவர்’ என்று போட்டுவிட்டுப் பிள்ளைகளை அங்கே போய்ச் சமாளிக்கலாம் என்பது நம் ஊர்ப் பழக்கம். அங்கே அறைக்கு இத்தனை பேர் என்றால் அத்தனைதான். கூட ஓர் அறை எடுக்கச் சொல்வார்கள். வயதோடு நால்வரையும் போட்டுத் தேடுங்கள். நகர வரி பெரும்பாலும் கவுன்டரில் தனியாகக் கட்ட வேண்டும். பாரிஸில் 18 வயதுக்குக் கீழும், ரோமில் 10 வயதுக்குக் கீழும் அது இல்லை.

வெனிஸ்: பாலத்துக்கு இந்தப் பக்கம்

மே 17 ஞாயிறு, லூசர்னிலிருந்து மிலான் வழியாக வெனிஸ். கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கம் (57 கிலோமீட்டர்) வழியாக மிலானுக்கு மூன்றே கால் மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டரை. இரண்டும் தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் மிலானில் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். மலிவு டிக்கெட்டில் ரயிலைத் தவறவிட்டால் பணம் திரும்பாது. இத்தாலிய அதிவேக ரயிலில் இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்: பெரியவர்கள் சாதாரண ‘பேஸ்’ கட்டணம் கொடுத்தால் 15 நிறையாத பிள்ளைகள் இலவசம் என்ற குடும்பச் சலுகை ஒருபக்கம், நால்வருக்கும் மலிவு டிக்கெட் மறுபக்கம். முன்கூட்டி வாங்கினால் இரண்டாவது, கடைசி வாரத்தில் முதலாவது ஜெயிக்கும்.

வெனிஸில் விடுதியைத் தேர்ந்தெடுக்க ஒரே அளவுகோல்: சான்டா லூசியா நிலையத்திலிருந்து எத்தனை பாலம்? ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு. இரண்டு பெரிய பெட்டி, இரண்டு பிள்ளைகள். நிலைய வாசலில் இடப்பக்கம் திரும்பும் லிஸ்டா தி ஸ்பான்யா தெருவில், குல்யே பாலம் வரை ஒரு படியும் இல்லை. படகில் போகலாமே என்றால், வாபரெட்டோ என்ற நகரப் படகின் 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 6 வயதிலிருந்தே முழுக் கட்டணம். நால்வரும் ஒருமுறை ஏறி இறங்க 38 யூரோ. ஆகவே நடை, பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க 2 யூரோவுக்கு டிராகெட்டோ படகு இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கொண்டோலா ஆசையும் அதில் பாதி தீரும். வெனிஸ் நுழைவுக் கட்டணம் வசூலிக்கும் நாட்களில் அங்கே இரவு தங்குபவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் தளத்தில் பதிந்து குறியீட்டை எடுத்து வைத்திருக்க வேண்டும். 14 வயதுக்குக் கீழே அதுவும் வேண்டாம்.

ரோமும் திரும்பும் நாளும்

மே 19 செவ்வாய், நேர் ரயிலில் நான்கு மணி நேரம். புதன் காலைகளில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடந்தால் புனித பேதுரு பேராலயத்துக்குள் நண்பகல் வரை போக முடியாது. அதனால்தான் மே 20-இல் கொலோசியம், 21 வியாழன் காலை முதல் நேரத்தில் வாட்டிகன். தோளும் முழங்காலும் மூடிய உடை பிள்ளைகளுக்கும் பொருந்தும் விதி. குடிநீருக்குத் தெருவெங்கும் நசோனி என்ற குழாய்கள். காலி பாட்டில் போதும். வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே காலியாக விடப்பட்டிருக்கிறது. வில்லா போர்கேசே பூங்காவில் மிதிவண்டி, ஐஸ்கிரீம், துணி துவைப்பு. பதினான்காம் நாளில் இன்னொரு தேவாலயத்தைக் காட்டினால் பிள்ளைகள் அல்ல, பெரியவர்களே அழுவார்கள்.

மே 23 சனி. ரோமின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினியிலிருந்து விமான நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயிலில் 32 நிமிடம், ஆளுக்கு 14 யூரோ. பணம் கட்டும் ஒவ்வொரு பெரியவரோடும் 12 நிறையாத ஒரு பிள்ளை இலவசம். ஒரு வாரம் முன்பு வந்திருந்தால் இரண்டு டிக்கெட் போதும். மகளுக்கு இப்போது 12, ஆகவே மூன்று, 42 யூரோ. பழைய மதிலுக்குள் இருக்கும் விடுதி வாசலிலிருந்து டாக்சிக்கு நிர்ணயக் கட்டணம் 55 யூரோ. பெட்டிகளை டெர்மினி வரை இழுப்பதை யோசித்தால் 13 யூரோ பெரிதில்லை. ஐரோப்பாவின் புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறை 2026 ஏப்ரல் 10 முதல் எல்லா எல்லைகளிலும் அமலில் இருக்கிறது. விசாவோடு வருபவர்களுக்கு அதில் பதிவாவது முகப்படம் மட்டும்; பெரியவர்களின் விரல்ரேகை விசா விண்ணப்பத்திலேயே கொடுத்தாகிவிட்டது.  அந்த வரிசைக்கு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்து, விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே டாக்சி.